அவன் வாயாலேயே

தங்கையின் அறைக் கதவைக் கீலிலிருந்து கழற்றித் தரையில் சாய்த்த அந்த மத்தியானமே பெரியவள் முடிவு கட்டிவிட்டாள். தங்கையின் புருஷன் என்கிற இந்த மனிதனைச் சும்மா விடக்கூடாது. எப்படி, எப்போது என்பதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆனால் விடக்கூடாது.

பெரியவளுக்கு இரும்புப் பட்டறை. ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி, வாசல் கேட் என்று வருகிற வேலையையெல்லாம் வெட்டி, வளைத்து, வெல்டிங் வைத்துக் கொடுப்பாள். கோபம் எப்போதும் மூக்கின் மேல்தான். ஒரு முறை, செய்த கேட்டில் குறை சொன்ன வாடிக்கையாளரை அதே கேட்டுக்கு வெளியே நிறுத்திப் பூட்டிவிட்டு வந்தவள். அப்பா அம்மா போன பிறகு அவளுக்கென்று மிஞ்சியவள் சின்னவள் ஒருத்திதான்.

சின்னவள் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது கிளம்பப்போகிறது, யாருடைய குழந்தை தொலைந்து அழுதுகொண்டிருக்கிறது என்று ஒலிபெருக்கியில் சொல்கிற குரல் அவளுடையது. ஊரில் பாதிப் பேருக்கு அவள் முகம் தெரியாது, குரல் தெரியும். வீட்டிலும் அதே குரலில் விளையாடுவாள். "அக்காவின் கவனத்திற்கு. குளியலறை இப்போது காலியாக உள்ளது. தாமதிப்பவர்கள் அடுத்த வாய்ப்புக்குக் காத்திருக்கவும்." பெரியவள் சிரித்துக்கொண்டே துண்டை எடுத்து அவள் மேல் எறிவாள்.

அந்தக் குரலில் விழுந்துதான் மருந்துக்கடைக்காரன் அவளைத் தேடி வந்து கல்யாணம் செய்துகொண்டான். பார்க்க நல்ல மாதிரி. மடிப்புக் கலையாத சட்டை, மெதுவான பேச்சு. தெருவில் யாருக்குத் தும்மல் வந்தாலும் டாக்டரிடம் போவதற்கு முன்னால் அவன் கடைக்குத்தான் வருவார்கள். "நீங்க படிக்காத டாக்டர்" என்று கிண்டல் செய்வார்கள். அவன் அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. அங்கேதான் வினை.

முதல் கர்ப்பம் தங்கவில்லை. அதற்குச் சில நாள் முன்னால் சின்னவள் ஒரு தலைவலி மாத்திரை போட்டிருந்தாள். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று பிரசவ டாக்டர் அடித்துச் சொன்னார். மருந்துக்கடைக்காரன் தலையை ஆட்டினான், நம்பவில்லை. இரண்டாவது முறை உண்டானதும் வீட்டில் ஒரு மாத்திரை அட்டைகூட இல்லாமல் துடைத்து எடுத்துவிட்டான். மருந்து விற்கிறவன் வீட்டில் மருந்தில்லை என்று பெரியவள்கூட அப்போது வேடிக்கையாகப் பேசினாள்.

ஏழாம் மாதம். சின்னவள் ஒரு காலையில் போன் செய்தாள்.

"அக்கா, தலை வெடிக்குதுக்கா. காய்ச்சல் வேற. இங்க ஏதோ ரப்பர் எரியற நாத்தம். உனக்கு வரலையா?"

"போன்ல எனக்கு எப்படிடி நாத்தம் வரும்?"

அதற்குள் போன் கை மாறியது. "ஒண்ணுமில்லக்கா" என்றான் மருந்துக்கடைக்காரன். "மாசமா இருக்கறப்ப உடம்பு சூடாகறதுதான். ஓய்வெடுத்தா சரியாயிடும்."

அதன் பிறகு எப்போது போன் செய்தாலும் அவன்தான் எடுத்தான். தூங்குகிறாள், இப்போதுதான் கண் அசந்தாள், எழுந்ததும் பேசச் சொல்கிறேன் என்று ஒவ்வொரு தடவையும் ஒரு பதில். பெரியவளுக்கு மனசே சரியில்லை. ஒரு பெரிய கேட் வேலை கையில் இருந்தது. முடித்துவிட்டுப் போய்ப் பார்க்கலாம் என்று இருந்தபோதுதான் பேருந்து நிலையத்திலிருந்து சின்னவளின் மேலதிகாரி கூப்பிட்டார்.

"தங்கச்சி எப்படிம்மா இருக்காங்க? மூணு நாள் முன்னாடி காய்ச்சலோடயே வேலைக்கு வந்து மைக்ல ஏதேதோ சொன்னாங்க. நடைமேடையில சீப்பு புறப்படத் தயாரா இருக்குன்னாங்க. சீப்பில் ஏறவும், சீப்பில் ஏறவும்னு திரும்பத் திரும்பச் சொன்னாங்க. ஜனங்க சிரிச்சாங்க. அவங்களுக்கே ஏன் சிரிக்கறாங்கன்னு புரியல, மைக்கைத் தூக்கி அடிச்சிட்டு அழுதாங்க. வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அனுப்பி வச்சோம். டாக்டர்கிட்ட உடனே காட்டறேன்னுதான் சொன்னாரு."

பெரியவள் கேட் வேலையை அப்படியே போட்டாள். கையுறையைக்கூடக் கழற்றாமல் பட்டறை வேனை எடுத்தாள்.

மருந்துக்கடைக்கு மேல்மாடிதான் வீடு. மருந்துக்கடைக்காரன் கூடத்தில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தான். சத்தம் காதைப் பிளந்தது. படுக்கையறைக் கதவில் வெளிப்பக்கம் தாழ்ப்பாள், தாழ்ப்பாளில் பூட்டு. தொலைக்காட்சியைப் பெரியவள் அணைத்தாள். அணைத்ததும் உள்ளேயிருந்து அந்தக் குரல் கேட்டது. குழறியபடி, யாருக்கென்று தெரியாமல், ஒலிபெருக்கியில் சொல்வதுபோல் எதையோ அறிவித்துக்கொண்டிருந்தது.

"கதவு ஏன் பூட்டியிருக்கு மாப்பிள்ளை?"

"அவளுக்காகத்தான்க்கா. நைட்டியோட ரோட்டுக்கு ஓடறா. வயித்துப்பிள்ளைக்காரி, விழுந்து வச்சா? கடைக்கு வர்றவங்க வேற பாக்கறாங்க."

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"காட்டினா என்ன பண்ணுவாங்க? ஊசி, மருந்து, ஸ்கேன்னு ஆரம்பிச்சிடுவாங்க. போன தடவை ஒரு மாத்திரையால என்ன ஆச்சுன்னு பாத்தோமே. இது பயத்துல வர்றது. பிரசவம் ஆனா தெளிஞ்சிடும். நான் மருந்து விக்கறவன்க்கா, எனக்குத் தெரியாதா?"

"சாவியக் குடு."

மரியாதை அந்த இடத்தில் போனது, பிறகு திரும்பி வரவே இல்லை. அவன் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு நின்றான். பெரியவள் அவனோடு மல்லுக்கட்டவில்லை. கீழே போய் வேனிலிருந்து சுத்தியலும் உளியும் கொண்டுவந்தாள். கீல் இருந்தது வெளிப்பக்கம். ஊசிகளைத் தட்டி எடுத்துக் கதவைப் பூட்டோடு சேர்த்துப் பெயர்த்துச் சாய்த்தாள்.

உள்ளே சின்னவள் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தாள். உடம்பு அடுப்பாகக் கொதித்தது. கண் திறந்திருந்தது, அக்காவைத் தெரியவில்லை. தூக்கப் போன கையிலேயே வலிப்பு வந்து வெட்டி வெட்டி இழுத்தது. வாயோரம் ரத்தம்.

அவளை எப்படித் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள், எந்தச் சிக்னலில் நின்றாள் என்று பெரியவளுக்குப் பிறகு எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை.

மருத்துவமனையில் முதலில் பேறுகால வலிப்போ என்று பார்த்தார்கள். ரத்த அழுத்தம் சரியாக இருந்தது, சிறுநீரிலும் ஒன்றுமில்லை. காய்ச்சலையும் பேச்சுக் குழறலையும் கேட்டதும் நரம்பு டாக்டரை வரவழைத்தார்கள். நடுத்தர வயதுப் பெண். விறுவிறுவென்று நடை, அதைவிட விறுவிறுவென்று பேச்சு. வலிப்பை நிறுத்தும் மருந்தை ஏற்றிவிட்டு, பெரியவளையும் பின்னாலேயே வந்து சேர்ந்த மருந்துக்கடைக்காரனையும் நிற்கவைத்துச் சொன்னார்.

"இது பயமும் இல்ல, மனசுக் கோளாறும் இல்ல. மூளையில தொற்று. அனேகமா வைரஸ். அதுக்கான மருந்தை இப்பவே டிரிப்ல ஆரம்பிக்கறேன். பாக்டீரியாவா இருந்தாலும் இருக்கலாம், அதுக்கும் சேர்த்துப் போடறேன். முதுகுல தண்ணி எடுத்துப் பாத்து, எது தேவையில்லையோ அதை அப்புறம் நிறுத்திக்கலாம்."

"டாக்டர், இந்த மருந்து குழந்தைக்கும் போகுமில்ல?" என்றான் மருந்துக்கடைக்காரன்.

"போகும். கர்ப்பமா இருக்கறவங்களுக்கு ரொம்ப வருஷமா குடுத்துட்டிருக்கற மருந்துதான். குடுத்தா என்ன ஆகும்னு கேக்கறீங்களே, குடுக்காம விட்டா என்ன ஆகும்னு கேளுங்க."

"டெஸ்ட் முடிவு வரட்டுமே, அதுக்கப்புறம்..."

"முடிவு வர்ற வரைக்கும் அந்த வைரஸ் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்காது."

"முதுகுல ஊசி போட்டா? அப்புறம் அந்த ஸ்கேன்..."

"முதுகுல போடற ஊசி குழந்தைகிட்டக்கூடப் போகாது. ஸ்கேன் காந்தத்துல எடுக்கறது, எக்ஸ்ரே இல்ல. போதுமா?"

அவன் இரண்டு கையையும் கூப்பினான். "எப்படியாவது குழந்தையைக் காப்பாத்திடுங்க டாக்டர். அது போதும் எனக்கு."

நரம்பு டாக்டர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "அம்மா மூச்சு விட்டாத்தான் உள்ள இருக்கறதுக்கும் மூச்சு. முதல்ல அவங்க. உங்க சம்மதத்துக்காக நான் நிக்கப்போறதில்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அது போதும் எனக்கு. பெரியவள் அந்த மூன்று வார்த்தையையும் விழுங்கி வைத்துக்கொண்டாள்.

முதுகுத் தண்டுநீரிலும் ஸ்கேனிலும் டாக்டர் சந்தேகப்பட்டதே வந்தது. வாய்ப்புண் வரவைக்கிற சாதாரண வைரஸ்தான், லட்சத்தில் ஒருத்தருக்கு மூளைக்குள் ஏறிவிடுமாம். காதுக்கு உள்பக்கமாக, ஞாபகமும் பேச்சும் இருக்கிற இடத்தில் வீங்கியிருந்தது. தினமும் டிரிப் ஏறியது. சிறுநீரகம் தாங்குகிறதா என்று ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பிரசவ வார்டிலிருந்து ஒரு நர்ஸ் வந்து வயிற்றில் கருவியை வைத்துக் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்டுவிட்டுப் போவாள். தாய் கண்ணைத் திறக்காமல் கிடக்க, அந்தச் சின்னத் துடிப்பு மட்டும் குதிரை ஓடுவதுபோல் அறை முழுக்கக் கேட்கும்.

ஒரு நாள் தாழ்வாரத்தில் பெரியவள் நரம்பு டாக்டரை நிறுத்தினாள். "டாக்டர், ஒளிக்காம சொல்லுங்க. முன்னாடியே வந்திருந்தா?"

டாக்டர் கையிலிருந்த ஃபைலை மூடினார். "மைக்ல உளறினாங்கன்னு சொன்னீங்களே, அன்னிக்கே கொண்டு வந்திருந்தா இவ்வளவு தூரம் போயிருக்காது. பிழைச்சுக்குவாங்கன்னு நினைக்கறேன். என்ன மிஞ்சும்னு எழுந்த பிறகுதான் தெரியும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மருந்துக்கடை மூடியிருந்த நேரம், பெரியவள் வேனைக் கடை வாசலில் நிறுத்தினாள். ஜெனரேட்டரையும் வெல்டிங் மெஷினையும் இறக்கினாள். முகமூடியைப் போட்டுக்கொண்டு, கடையின் இரும்பு ஷட்டரைச் சட்டத்தோடு சேர்த்து, இடது வலது கீழ் என்று மூன்று பக்கமும் இடைவெளியில்லாமல் வெல்டிங் வைத்தாள். பொறி பறந்தது. போகிறவர்கள் வருகிறவர்கள் பார்த்தார்கள். "ஷட்டர் ரிப்பேரா?" என்று ஒருவர் கேட்டார். "ஆமாங்க, இனிமே திறக்காது" என்றாள். அவரும் நல்லது என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் அவன் வேறொரு ஆளை வரவழைத்து அறுத்துத் திறந்தான். போலீஸுக்குப் போகவில்லை. போனால் ஏன் செய்தாள் என்ற கேள்வி வருமே. தெருவே சிரித்ததாகப் பெரியவளின் காதுக்கு வந்தது. கொஞ்ச நேரம் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் பார்த்தால், சூடுபட்டதென்னவோ இரும்புக்குத்தான். அவன் உடம்பில் ஒரு மயிர்கூடக் கருகவில்லை.

அந்த வாரக் கடைசியில் சின்னவள் கண் விழித்தாள்.

"அக்கா" என்றாள். குரல் கம்மியிருந்தது. பெரியவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சின்னவள் தன் கையிலிருந்த ஊசியைப் பார்த்தாள், பாட்டிலைப் பார்த்தாள், பிறகு போர்வைக்கு மேல் எழும்பி நின்ற வயிற்றைப் பார்த்தாள். அதன் மேல் மெல்லக் கையை வைத்தாள். உள்ளே உதைத்தது. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"அக்கா, என்னக்கா இது?"

"குழந்தைடி. உன் குழந்தை."

"எனக்கா? எனக்கு எப்படி? யாரோட..." முகம் வெளிறிவிட்டது. "நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனாக்கா?"

கல்யாணம், புருஷன், முதல் கர்ப்பம், இரண்டாவது, எல்லாம் போயிருந்தது. அக்காவைத் தெரிந்தது. பேருந்து நிலையம் தெரிந்தது. அந்த நிலையத்தில் பை தொலைத்துவிட்டேன் என்ற சாக்கில் மருந்துக்கடைக்காரன் முதன்முதலாக வந்து நின்றதற்கு முன்னால் வரைதான் அவளுடைய உலகம். நரம்பு டாக்டர் பொறுமையாகச் சோதித்துப் பார்த்தார். பழசில் கொஞ்சம் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார். வலிப்பு மாத்திரையைத் தொடரவேண்டும், அதையும் பிரசவ டாக்டரோடு பேசிப் பொருத்தமானதாகக் கொடுத்திருப்பதாகச் சொன்னார்.

மருந்துக்கடைக்காரன் சட்டை மடிப்புக் கலையாமல், கையில் பூவோடு வந்தான். சின்னவள் மரியாதைக்கு எழுந்து உட்காரப் பார்த்தாள்.

"இவர் யாருக்கா?"

அவன் அழுதான். நிஜமாகவே அழுதான் என்றுதான் சொல்லவேண்டும். ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது அவன் முகத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்ததைப் பெரியவள் பார்த்தாள். சரியாக எழுதாத பரீட்சைத் தாள் தொலைந்துபோய்விட்டது என்று கேள்விப்பட்ட பையனின் முகம்.

வெளியே வந்து அவளிடம் கெஞ்சினான். "அக்கா, அவளுக்கு எதுவும் ஞாபகமில்ல. நீங்களும் சொல்லாதீங்க. நான் முதல்லேருந்து நல்லபடியா ஆரம்பிச்சுக்கறேன். உங்க கால்ல வேணா விழறேன்."

அவன் வாயால் அக்கா என்ற சொல்லைக் கேட்டபோது பெரியவளுக்குக் காது கூசியது. இருந்தாலும், "சரி" என்றாள். அவளுக்கு அப்போதுதான் புத்தியில் ஒன்று உறைத்தது. இவன் நம்பட்டும். நாளுக்கு நாள் நம்பிக்கை ஏறட்டும். குழந்தை பிறந்து அவன் கையை நீட்டி வாங்கப்போகிற அந்த நிமிஷத்தில் எல்லாவற்றையும் போட்டு உடைக்கலாம். ஏறுகிற வரைக்கும் ஏறவிட்டுத் தள்ளினால்தான் எலும்பு மிஞ்சாது.

அப்படியே அவன் ஏறினான். தினமும் வந்தான். தலை வாரிவிட்டான், பழம் உரித்துக் கொடுத்தான். "உனக்குக் காய்ச்சல் வந்ததும் எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. அப்படியே உன்னைத் தூக்கிக்கிட்டு இங்க ஓடி வந்தேன்" என்றான். கதவுக்குப் பின்னால் நின்ற பெரியவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். அவன் போனதும் சின்னவள் புதுப்பெண் மாதிரி வெட்கப்பட்டாள். "நல்ல மனுஷன்க்கா. இப்படிப்பட்டவரை எப்படி மறந்தேன்?"

பெரியவள் போர்வையை உதறி மடித்தாள். மடித்ததையே மறுபடி உதறி மடித்தாள்.

டிரிப் முடிந்து, பிரசவத்துக்கு இன்னும் கொஞ்ச காலம் இருக்க, பட்டறைக்குப் பின்னாலிருந்த தன் வீட்டுக்கே தங்கையை அழைத்து வந்தாள் பெரியவள். சின்னவளுக்குச் சில சொற்கள் இன்னும் வழுக்கின. கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டே பெயரைத் தேடுவாள். ஆனால் மூளை மந்தமாகிவிடவில்லை. ஒரு சாயங்காலம், பெரியவள் அவன் கொண்டுவந்த பூவைக் குப்பைக்கூடையில் திணிப்பதைப் பார்த்துவிட்டாள்.

"உனக்கு அவரைப் பிடிக்கல."

"அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல."

"அக்கா, என் கதை உன்கிட்ட இருக்கு, அவர்கிட்ட இருக்கு, டாக்டர்கிட்ட இருக்கு. என்கிட்ட மட்டும்தான் இல்ல. எல்லாரும் சேர்ந்து என்னை வெளியில நிறுத்தி வச்சிருக்கீங்க. ஏன்?"

பெரியவள் குப்பைக்கூடையைக் கீழே வைத்தாள். அவன் பூட்டியது ஒரு கதவென்றால், தான் செய்துகொண்டிருப்பது என்ன? நல்ல நேரம் பார்த்துத் தள்ளுவதற்காகத் தங்கையையே படிக்கட்டாக அல்லவா போட்டிருக்கிறாள்? அங்கேயே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். சீப்பு புறப்பட்டதிலிருந்து, பூட்டு, தொலைக்காட்சி, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தது, அது போதும் எனக்கு என்றது வரைக்கும்.

சின்னவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். அழவில்லை.

"நீ சொன்னதுல எனக்கு ஒண்ணுகூட ஞாபகம் வரலக்கா. யாருக்கோ நடந்த மாதிரி இருக்கு." பிறகு, "இதை நீ சொல்லிப் பிரயோஜனமில்ல. அவரு சொல்லணும்."

"அவன் எங்க சொல்லப்போறான்?"

"பாக்கலாம்."

பெண் குழந்தை பிறந்தது. நல்ல எடை, நல்ல அழுகை. குழந்தை மருத்துவர் தலை முதல் கால் வரை பார்த்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்றார். தாயும் பிள்ளையும் வீட்டுக்கு வந்த முதல் ஞாயிறு, மருந்துக்கடைக்காரன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். குழந்தைக்காகக் கையை நீட்டினான். பெரியவள் அந்த நிமிஷத்துக்காகத்தான் காத்திருந்தவள், உதட்டைக் கடித்துக்கொண்டு தங்கையைப் பார்த்தாள்.

"தரேன்" என்றாள் சின்னவள். "அதுக்கு முன்னாடி ஒண்ணு. எனக்கு என்ன ஆச்சுன்னு சொல்லுங்க."

அவன் பழைய கதையையே சொன்னான். காய்ச்சல், தூக்கிக்கொண்டு ஓடியது. அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "குழந்தை தூங்கட்டும். அடுத்த ஞாயித்துக்கிழமை வாங்க" என்றாள்.

அடுத்த ஞாயிறு கதவைத் திறந்தவள் அவனைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "குழந்தையோட அப்பா, இல்லியா? மன்னிச்சுக்குங்க, எனக்கு எதுவும் மனசுல நிக்க மாட்டேங்குது. உக்காருங்க. எனக்கு என்ன ஆச்சு?"

அவன் தடுமாறினான். திரும்பச் சொன்னான். குழந்தை கிடைக்கவில்லை. மறு வாரமும் அதே பார்வை, அதே மன்னிப்பு, அதே கேள்வி. அவன் பெரியவளைப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்றைக்கு அவன், "உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனது உங்க அக்காதான்" என்றான். சின்னவள் குழந்தையைத் தூக்கி அவன் முன்னால் காட்டினாள், கையில் கொடுக்கவில்லை. இன்னொரு வாரம், "கதவு சாத்தியிருந்துச்சு" என்றான். அதற்கடுத்த வாரம், "நான்தான் சாத்தினேன்." அப்புறம் ஒரு வாரம் தலையைக் குனிந்துகொண்டு, "பூட்டினேன்" என்றான். அன்றுதான் முதன்முதலாகக் குழந்தை அவன் கைக்குப் போனது. கொஞ்ச நேரம்.

ஒவ்வொரு முறையும் ஆரம்பத்திலிருந்து சொல்லவேண்டியிருந்தது. வந்து உட்கார்ந்ததும் அவனுக்கு வியர்த்துவிடும். ஒரு ஞாயிறு பாதியில் எழுந்து போய்விட்டான், மறு ஞாயிறு திரும்பி வந்தான். மகளைப் பார்க்க அவனுக்கு வேறு வழியில்லை. சட்டையின் மடிப்பு கலைய ஆரம்பித்தது. தெருவில் யாராவது மருந்து கேட்டால் இப்போதெல்லாம் டாக்டரிடம் காட்டுங்கள் என்று அனுப்பிவிடுகிறானாம்.

பெரியவளுக்குச் சந்தோஷத்தோடு ஒரு கவலையும் இருந்தது. மாதாந்திரச் சோதனைக்குப் போனபோது நரம்பு டாக்டரிடம் தனியாகக் கேட்டாள். "டாக்டர், இவளுக்குப் புதுசா நடக்கறதுகூட சிலது நிக்க மாட்டேங்குது. வாராவாரம் அவனை மறந்துடறா."

டாக்டர் ஆச்சரியப்பட்டார். "பழைய ஞாபகம் வரலைங்கறது நிஜம். ஆனா புதுசெல்லாம் நல்லா நிக்குதே. போன மாசம் நான் சொன்ன கதையை இன்னிக்கு வரி பிசகாம திருப்பிச் சொன்னாங்க. மறுபடி வேலைக்கே போகலாம்னு சொல்லியிருக்கேன்."

வீடு திரும்பும் வழியில் பெரியவள் வேனை ஓட்டியபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கையை ஓரக்கண்ணால் பார்த்தாள். சின்னவள் குழந்தைக்குத் தொப்பி சரிசெய்துகொண்டிருந்தாள். பெரியவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே முதுகில் லேசாகக் குளிர்ந்தது. ஷட்டருக்கு வெல்டிங் வைத்த தான்தான் பொல்லாதவள் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

வேலையில் சேருவதற்கு முந்தைய ஞாயிறு. மருந்துக்கடைக்காரன் வழக்கம்போல் ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொண்டு வந்தான். பூட்டு வரை வந்தான். நிறுத்தினான். சின்னவள் காத்திருந்தாள். அவளுக்கு ஒரு அவசரமும் இல்லை.

"இன்னொண்ணு இருக்கு" என்றான். "யார்கிட்டயும் சொன்னதில்ல."

"சொல்லுங்க."

"நீ பேருந்து நிலையத்துலேருந்து வந்த அன்னிக்கு, தெரிஞ்ச டாக்டர் ஒருத்தருக்கு போன் பண்ணினேன். கடைக்கு வர்ற ஒருத்தரோட சம்சாரம்னு பொய் சொல்லி, உனக்கு இருக்கறதெல்லாம் சொன்னேன். மூளைத் தொற்றா இருக்கும், ஒரு நிமிஷம்கூட வச்சுக்காம கூட்டிட்டு வரச் சொல்லுங்க, ஊசி மருந்து போடணும்னாரு. ஊசி மருந்துன்னதும்... குழந்தை போயிடும்னு தோணிச்சு. சரின்னு போனை வச்சிட்டேன்." அவன் சட்டை நுனியைத் திருகினான். "தெரிஞ்சேதான் பூட்டினேன். நீ உள்ளேருந்து அக்கா அக்கான்னு கூப்பிட்டே. கேக்க முடியாமதான் டிவி சத்தத்தைக் கூட்டி வச்சேன்."

பெரியவள் எழுந்துவிட்டாள். கையில் கிடைத்தது ஒரு இரும்புக் கம்பி. தெரியாத்தனமாகச் செய்தான், அந்த அறியாமைக்காகவாவது என்றைக்காவது ஒரு நாள் இவனை விட்டுவிடலாமோ என்று சமீபமாக ஓரிரு முறை தோன்றியிருந்தது. அறியாமையே இல்லையே! சின்னவள் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தாள். இறுக்கமான பிடி. பிறகு குழந்தையைத் தூக்கி அவன் மடியில் வைத்தாள்.

"கொஞ்ச நேரம் வச்சிருங்க" என்றாள்.

அவன் குழந்தையை அணைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். முடித்துவிட்டோம், எல்லாவற்றையும் கொட்டிவிட்டோம் என்ற நிம்மதி அந்த அழுகையில் இருந்தது. போகும்போது, "அடுத்த வாரம்?" என்று கேட்டான்.

"வாங்க."

அவன் போனதும் சின்னவள் சமையலறையில் பால்புட்டியைக் கழுவினாள். பெரியவள் வந்து குழாயை மூடினாள்.

"எல்லாத்தையும் சொல்லிட்டானேடி. இன்னும் என்ன?"

"சொல்லிட்டாரு."

"அப்ப போதும். கோர்ட்டுக்குப் போவோம். இல்ல, நான் போய் அந்தக் கடையை..."

"கோர்ட்டுக்கும் போவோம். அது வேற." சின்னவள் கையைத் துடைத்துக்கொண்டாள். "என் வாழ்க்கையில சில வருஷம் இல்லவே இல்லக்கா. கல்யாணத்தன்னிக்கு நான் சிரிச்சேனா அழுதேனான்னுகூட எனக்குத் தெரியாது. அவருக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. இருக்கட்டும். அது மங்கிடாம நான் பாத்துக்கறேன்."

மறுநாள் பேருந்து நிலையத்தில் அவள் குரல் மீண்டும் கேட்டது. சொல் வழுக்குகிற இடத்தில் ஒரு மூச்சு நிறுத்தி, பிடித்துக்கொண்டு போனாள். வெளியே குழந்தையோடு நின்ற பெரியவளுக்குக் கண் நிறைந்தது.

ஞாயிற்றுக்கிழமை மருந்துக்கடைக்காரன் வந்தான். ஷேவ் செய்து, பாரம் இறங்கிய முகத்தோடு, குழந்தைக்கு ஒரு கிலுகிலுப்பை வாங்கி வந்திருந்தான். சின்னவள் கதவைத் திறந்தாள். அவனை உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை நிதானமாகப் பார்த்தாள்.

"உள்ள வாங்க" என்றாள். "மன்னிச்சுக்குங்க, நீங்க யாரு?"

அவன் கையிலிருந்த கிலுகிலுப்பை ஒரு முறை சத்தம் போட்டு அடங்கியது. பெரியவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பட்டறைப் பக்கம் நடந்தாள். பின்னால் நாற்காலி இழுபடும் சத்தமும், தொண்டையைச் செருமிக்கொண்டு அவன் முதலிலிருந்து ஆரம்பிப்பதும் கேட்டன.